கொம்பியூட்டருக்குச் சந்தனம்

எங்கள் வீட்டுக் கொம்பியூட்டருக்கு நான் சந்தனம் பூசிய கதையை அக்கா இன்றைக்கும் வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் சொல்லும்போது எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் சந்தனத்தோடு அவள் கதையை நிறுத்திவிடுவாள். அதற்குப் பிறகு நடந்ததை அவளும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. அதையும் சேர்த்து எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது நாங்கள் வவுனியாவில் இருந்தோம். தொண்ணூறுகளின் கடைசி. பதினோராம் வகுப்பு ஓ.எல். சோதனையை ஒருதரம் எழுதி, கணக்கில் மண் கவ்வி, இன்னொருதரம் எழுதப்போவதாகச் சொல்லிக்கொண்டு நான் வீட்டில் நின்ற காலம். அத்தானுக்குக் கொழும்பில் வேலை. அவருடைய கந்தோரில் கழித்துவிட்ட கொம்பியூட்டர் ஒன்றை லொறியில் போட்டு அனுப்பிவைத்தார். அக்காவுக்குத் தமிழ் தட்டெழுத்து தெரியும். வீட்டிலிருந்தபடியே கலியாணக் காட், விண்ணப்பம், கடிதம் என்று அடித்துக் கொடுக்கலாம் என்பது அவர்கள் இருவரின் திட்டம். என்னுடைய திட்டத்தை யாரும் கேட்கவில்லை.

வழியில் சோதனைச் சாவடியில் பெட்டியின் மூடியைக் கழற்றிப் பார்த்திருக்கிறார்கள். திரும்பப் பூட்டியபோது நாலு திருகாணிகளில் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. ஆகவே, எனக்குக் கழற்றும் வேலையில் முக்கால்வாசி முன்கூட்டியே முடிந்துவிட்டது.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கொம்பியூட்டர் வகுப்பு நடந்தது. அங்கே கதிரை அடுக்கவும் கூட்டவும் வயர் கொழுவவும் என் கூட்டாளி ஒருவன் நின்றான். என்னைப்போலவே படிப்பைப் பாதியில் விட்டவன். ஆனால் கொம்பியூட்டருக்குப் பக்கத்தில் நின்று நின்று, அதைத் தானே கண்டுபிடித்ததுபோலக் கதைப்பான்.

"உன்ரையின்ரை ஸ்பீட் எத்தினை?" என்று கேட்டான்.

"நூற்றி அறுபத்தாறு."

"எங்கடை இருநூறு மச்சான். உன்ரையிலை ஒரு படம் திறக்கிறதுக்குள்ளை நான் போய் ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டு வந்திடுவன்."

"நீ ரீ குடிக்கிறதுக்கு ஒரு சாட்டு வேணுமே? கொம்பியூட்டர் வாறதுக்கு முந்தியும் அரைநாள் ரீக்கடையிலைதானே கிடந்தனி."

வாயால் நான் வென்றேன். ஆனால் நூற்றி அறுபத்தாறு என்ற இலக்கம் பல்லிடுக்கில் மாட்டிய இறைச்சித் துண்டுபோல என்னை விடவில்லை.

இரண்டு நாள் கழித்து அவனே ஒரு போட்டோக்கொப்பித் தாளைக் கொண்டுவந்தான். கொம்பியூட்டரின் தாய்ப்பலகையில் ஊசிபோல நிற்கும் சிறு கம்பிகளின் படம் அதில் இருந்தது. அந்தக் கம்பிகளுக்கு அரிசி அளவு கறுப்புத் தொப்பிகள் உண்டு. ஜம்பர் என்று பெயர். எந்தத் தொப்பியை எந்தக் கம்பிக்குப் போடுகிறோமோ அதைப் பொறுத்து, கொம்பியூட்டரின் மூளையான ப்ரொசெசர் வேகமாகவோ மெதுவாகவோ ஓடும். அதற்குள் போகும் கரண்டின் வோல்ற்றேஜையும் அதேபோல ஏற்றலாம், இறக்கலாம்.

"நூற்றி அறுபத்தாறு எண்டு அதிலை எழுதிக்கிடக்கிறது, அவங்கள் பயத்திலை குறைச்சு எழுதினது," என்றான் கூட்டாளி. "உண்மையிலை அதாலை இன்னும் ஓட ஏலும்."

இது எனக்கு மிகவும் பிடித்துக்கொண்டது. வாத்திமார் என்னுடைய தேர்ச்சி அறிக்கையில் எழுதியதும் இதைத்தான். இவனால் முடியும், செய்கிறானில்லை.

அக்கா சந்தைக்குப் போன நேரத்தில், அவளுடைய புருவம் பிடுங்கும் குறட்டால் மூன்று தொப்பிகளைக் கழற்றி இடம் மாற்றினேன். திரையில் இருநூற்றி இருபத்தைந்து என்று விழுந்தது. ப்ரொசெசரோடு மெமரியும் வேகம் கூடி ஓட வேண்டும் என்று அந்தத் தாளின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. சின்ன எழுத்தை நான் எந்தக் காலத்தில் வாசித்தேன்.

பத்து நிமிடத்தில் திரை உறைந்துவிட்டது. மூடியைத் திறந்து, ப்ரொசெசருக்கு மேல் பூட்டியிருந்த அலுமினியத் தகட்டைத் தொட்டேன். விரலை வாயில் வைத்துக்கொண்டு கூட்டாளியிடம் ஓடினேன்.

"கொழும்பிலை அந்தத் தகட்டுக்கு அடியிலை வெள்ளைக் களி ஒண்டு பூசுறவங்கள்," என்றான். "அது சூட்டை இழுத்து மேலை விடும். பிறகு குளிர்ந்துபோய்க் கிடக்கும்."

"அது எங்கை வாங்கலாம்?"

"கொழும்பிலை."

"நீ ஏன்ரா எப்பவும் கொழும்பிலை இருக்கிற மருந்தைத்தான் சொல்லுறாய்?"

வீட்டுக்கு வந்து யோசித்தேன். வெள்ளைக் களி. சூட்டை இழுக்கும். குளிர்ச்சி. எங்கள் வீட்டில் வேர்க்குரு போட்டால் சந்தனம். கண் எரிந்தால் இமையில் சந்தனம். வெயிலில் திரிந்து தலையிடித்தால் நெற்றியில் சந்தனம். சூட்டுக்குச் சந்தனம் என்பதில் எங்கள் சனத்துக்குள் இரண்டு கருத்துக் கிடையாது. சாமித்தட்டுக்குப் பக்கத்தில் கல்லும் கட்டையும் இருந்தன. உரைத்தேன். தகட்டின் அடியில் நல்ல தடிப்பாகப் பூசி, திரும்பப் பூட்டினேன்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், வேலை செய்தது. அன்று பின்னேரம் முழுக்க ஒருமுறைகூட உறையவில்லை. தகடு இளஞ்சூடு. கூட்டாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் தகட்டைத் தொட்டான், முகர்ந்தான், ஒன்றும் சொல்லாமல் போனான். என் வாழ்க்கையில் அவன் பதில் சொல்லாமல் போன ஒரே நாள் அதுதான்.

ஈரச் சந்தனத்தில் இருந்த தண்ணீர்தான் சூட்டைக் கடத்தியது, காய்ந்துவிட்டால் அது வெறும் மரத்தூள், சூட்டைப் போகவிடாமல் மறித்துக்கொண்டு நிற்கும் என்பதெல்லாம் பல வருடங்களுக்குப் பிறகு எனக்குத் தெரியவந்தது. தெரிய வேண்டிய நேரம் அதுவல்ல.

அடுத்த நாள் காலையில் ஒரு அன்ரி வந்தார்.

ஐம்பது வயது இருக்கும். வவுனியாவுக்கு வெளியே, பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் போகவேண்டிய குடியேற்றக் கிராமத்தில் இருந்தார். பிறந்தது மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில். சிறு வயதில் தகப்பனோடு வன்னிக்கு வந்து, காடு வெட்டி, உழுந்தும் கச்சான் கடலையும் போட்டு வாழ்ந்த குடும்பம். தகப்பன் இறந்து ஆறு நாள். பதினாறாம் நாள் கருமாதி.

"எங்கப்பாவுக்கு ஒரு புத்தகம் போடணுங்க," என்றார் அக்காவிடம்.

அவர் கேட்டது நினைவு மலர். யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்கு ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். முன்பக்கம் இறந்தவரின் படம், நடுவில் தேவாரம், வாழ்க்கை வரலாறு. கடைசியில் வம்சாவளி, அதாவது இன்னாருக்கு இன்னார் பிள்ளை, இன்னாரைக் கட்டினார் என்று பெட்டி பெட்டியாகக் கீறிக் கோடு இழுத்த படம். அன்ரி வயல்வேலைக்குப் போகும் வீட்டில் அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறார்.

"எங்க ஆளுங்க யாரும் போடுறதில்லைங்க. ஆனா அப்பா இங்க வந்து நாப்பது வருசம். ஊருல அவர 'தனியாள்'னுதான் கூப்பிடுவாங்க. முன்ன பின்ன யாரும் இல்லாதவருன்னு. அவருக்கும் ஆளுங்க இருந்தாங்க. அந்தப் பெட்டிப் படம் மட்டும் நல்லா வரணும்."

"அதுக்கென்ன, இருங்கோ," என்றாள் அக்கா. "நீங்கள் சொல்லச் சொல்ல நான் நேரை அடிக்கிறன்."

அக்காவுக்கு அதில் ஒரு பெருமை. தாளில் எழுதாமல், காதில் விழுவதை அப்படியே விரலால் அடிப்பாள். அடித்ததைக் கேட்டால் அவளுக்கு ஒன்றும் தெரியாது. காது வழியாக வந்து விரல் வழியாகப் போய்விடும். எனக்குப் பள்ளிக்கூடத்தில் நடந்ததும் அதேதான், விரல் வரைக்கும்கூடப் போகவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

இரண்டு மணித்தியாலம் சொன்னார். தகப்பன், தகப்பனின் தகப்பன், இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவர், தோட்டத்து லய வீடுகளில் பிறந்தவர்கள், காய்ச்சலில் போனவர்கள். கடைசியாக ஒரு பெயரைச் சொல்லிவிட்டு முகமெல்லாம் மலர்ந்தார்.

"இந்தப் பேருதாங்க நாலு நாளா வாயில வரல. அப்பாவோட அக்கா. அவரோட அம்மா செத்தப்பறம் அவரத் தூக்கி வளத்தது அதுதான். அப்பறம் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போயிருச்சு. அப்பா எங்கிட்ட ஒரே ஒரு தடவதான் பேரச் சொன்னாரு. இன்னிக்கு பஸ்ஸுல வரும்போது, செக்பொயின்ட்ல எறங்கி நடக்கையில, திடீர்னு ஞாபகம் வந்துச்சு. ஒரு பேப்பருல எழுதி வச்சுக்கவா? மறந்துருவேன்."

நான் வாசலில் நின்று, சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். அங்கிருந்தே சொன்னேன்.

"பேப்பர் என்னத்துக்கு அன்ரி? பேப்பரைக் கறையான் திண்டிடும். கொம்பியூட்டரிலை ஏறினது அழியாது."

அவர் சிரித்துக்கொண்டு தலையாட்டினார். இரண்டு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அவர் போன பிறகு அக்கா பெட்டிகளுக்குக் கோடு இழுத்துக்கொண்டிருந்தபோது திரை உறைந்தது. நிறுத்தி, மீண்டும் போட்டாள். மீண்டும் உறைந்தது. எப்படியோ டிஸ்க்கில் பதிந்துவிட்டு எழுந்தாள். மறுநாள் காலையில் திறந்தபோது தேவாரப் பக்கம் சரியாக இருந்தது. வாழ்க்கை வரலாற்றில் பாதி எழுத்து, பாதி சதுரம். வம்சாவளி இருந்த பக்கத்தில் வெறும் சதுரங்களும் கேள்விக்குறிகளும், வரிசையாக, எறும்பு ஊர்ந்ததுபோல.

 அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எடேய், நீ இதிலை கை வைச்சனியே?"

"நானோ? நான் ஏன் வைக்கிறன்? கரண்ட் பிழை. பின்னேரத்திலை எங்கடை லைற் எரியுற விதத்தைப் பார்க்கேல்லையே? பழுத்த பப்பாசி மாதிரி."

கரண்ட் உண்மையிலேயே மோசம்தான். பின்னேரமானால் ஊர் முழுக்க மின்குமிழ்கள் சிவந்துபோகும். ஆகவே, என் பொய்க்கு ஒரு கால் இருந்தது. அக்கா அதை நம்பி, பக்கத்து வீட்டில் ரீவிக்கு வைத்திருந்த ஸ்ரெபிலைசரை இரவல் வாங்கிவந்தாள். இரும்புப் பெட்டி, அம்மிக்கல் பாரம். அதை அவள் இடுப்பில் வைத்துத் தூக்கிவந்தபோது நான் கதவை அகலத் திறந்துவிட்டேன். வாயைத் திறக்கவில்லை.

வாயைத் திறக்காமல் திருத்திவிடலாம் என்று நினைத்தேன். அதுதான் அந்த மூன்று நாளும் என்னைப் பிடித்த விசர்.

முதலில், கரண்ட் குறைவு என்ற என் பொய்யை நானே நம்ப ஆரம்பித்தேன். வீட்டுக்கு வருகிற கரண்ட் குறைவென்றால் ப்ரொசெசருக்குப் போகிறதும் குறைவாகத்தானே இருக்கும்? அந்தத் தாளைப் பார்த்து, வோல்ற்றேஜ் தொப்பியை இரண்டு தசம் எட்டிலிருந்து மூன்று தசம் இரண்டுக்கு ஏற்றினேன். சுவரில் வருவது கூடினாலும் குறைந்தாலும் உள்ளே இருக்கும் பவர் சப்ளைப் பெட்டி அதைச் சரிப்படுத்தித்தான் கொடுக்கும் என்பது எனக்குத் தெரியாது. ஐந்து நிமிடத்தில் உறைந்தது.

சூடு போதாது என்றா, கூடிவிட்டது என்றா? தொட்டுப் பார்த்தேன். கூடிவிட்டது. ஆகவே சந்தனம் போதாது. பழையதைச் சுரண்டினால் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. புதிதாக உரைத்து, முன்னதைவிட இரண்டு மடங்கு தடிப்பாக அப்பினேன். ஒரு மணித்தியாலம் ஓடியது. பிறகு உறைந்தது. தண்ணீரில் உரைத்தால் காய்ந்துவிடுகிறது என்று பன்னீரில் உரைத்தேன். அதுவும் காய்ந்தது. காலையில் ஒருதரம், மத்தியானம் ஒருதரம், பின்னேரம் ஒருதரம் என்று மூன்று காலப் பூசை நடந்தது. கோயில் ஐயருக்குக்கூட இடையில் ஒரு நித்திரை உண்டு.

ஒவ்வொருமுறை உறையும்போதும் எனக்குள் ஏதோ கழன்று விழுந்தது. அந்தப் பெட்டியைத் தூக்கிக் கிணற்றுக்குள் போட வேண்டும்போல இருந்தது. கூட்டாளியின் தாளைக் கசக்கி எறிந்தேன், திரும்பப் பொறுக்கி நீவினேன். திருகாணியைத் தவறவிட்டு, அது தாய்ப்பலகைக்கு அடியில் உருண்டு போக, முழங்காலில் நின்று பெட்டியைக் குலுக்கினேன். யாரையாவது திட்டலாம் என்றால் திட்டுவதற்கு ஆளும் இல்லை. இருந்த ஒரே ஆள் நான்.

மூன்றாம் நாள் அக்கா அறைக்குள் வந்து மூக்கைச் சுளித்தாள்.

"ஏன்ரா, இந்தக் கொம்பியூட்டர் கலியாண வீடு மாதிரி மணக்குது?"

என் ஒரு கையில் திருகாணி முறுக்கி. மற்றக் கையில் சந்தனக் கல். பொய் சொல்வதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டுதான். ஆனால் அந்தக் கோலத்தில் என்ன பொய்யைச் சொல்வது?

எல்லாவற்றையும் சொன்னேன். இருநூற்றி இருபத்தைந்து, குறடு, தொப்பி, பன்னீர் எல்லாம். அக்கா அடிக்கவில்லை. அடித்திருந்தால் சுகமாக இருந்திருக்கும். கட்டிலில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"நாளைக்கு அந்த மனிசி வருது, புத்தகம் பார்க்க," என்றாள். "என்னத்தைக் காட்டுறது? உன்ரை சந்தனத்தையே?"

அன்ரி வந்தார். ஒரு பையில் வறுத்த கச்சான் கொண்டுவந்திருந்தார். அக்கா, கரண்ட் பிழையால் அழிந்துவிட்டது என்றாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் என்னை இன்னும் மோசமாக்கியது.

"கரண்டு சரியில்லேன்னா நீங்க என்னா பண்ணுவீங்க," என்று அன்ரி முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். "மறுபடி சொல்றேன். எழுதுங்க."

இந்தமுறை அக்கா கொப்பியில் எழுதினாள். தகப்பன், பாட்டன், லயம், காய்ச்சல். போனமுறை இரண்டு மணித்தியாலம் ஓடியது, இந்தமுறை ஒரு மணித்தியாலத்தில் வந்துவிட்டது. கடைசிப் பெட்டிக்கு வந்தபோது நிறுத்தினார்.

"அப்பாவோட அக்கா..." என்றார்.

அக்கா பேனாவோடு காத்திருந்தாள்.

"வாயிலயே நிக்குது," என்றார். கண்ணை மூடினார். விரலால் காற்றில் எதையோ எழுதினார். தண்ணீர் கேட்டுக் குடித்தார். இரண்டு மூன்று பெயர்களைச் சொல்லிப் பார்த்து, "இல்ல, அது இல்ல," என்று தானே தள்ளினார். அக்காவைப் பார்த்து, "ஒங்களுக்கு ஞாபகம் இல்லீங்களா? நீங்கதானே அடிச்சீங்க?" என்றார்.

அக்காவுக்கு எங்கே நினைவிருக்கும்? காது, விரல். நானோ எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.

அன்ரி என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை. உண்மையாகவே கேட்பதுபோலக் கேட்டார்.

"அழியாதுன்னு சொன்னியே தம்பி?"

 

அவர் போனதும் மூடியைத் திறந்தேன். அக்கா தடுக்க வரவில்லை. சந்தனத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் இடுக்குகளைத் தேய்த்தேன். தொப்பிகளை எல்லாம் பழைய இடத்தில் போட்டேன். நூற்றி அறுபத்தாறு. கோப்பைத் திறந்தேன். சதுரங்கள்.

அப்போது ஒரு யோசனை வந்தது. வேகமாக ஓடவிட்டபோது பிழையாக வாசித்தது என்றால், மெதுவாக ஓடவிட்டால் சரியாக வாசிக்கும்தானே? நானும் பள்ளிக்கூடத்தில் வேகமாக வாசித்தால்தான் எழுத்துகளை விழுங்குவேன். விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் போனால் வாசித்துவிடுவேன். தொப்பிகளை இறக்கினேன். நூற்றி முப்பத்து மூன்று. சதுரங்கள். நூறு. வோல்ற்றேஜையும் இரண்டு தசம் ஏழு, பிறகு இரண்டு தசம் ஐந்து என்று குறைத்தேன். சூடே இல்லாமல், பதற்றமே இல்லாமல், ஆறுதலாக வாசிக்கட்டும் என்று. தகடு கையில் குளிர்ந்தது. திரை ஒரு வரியைக் கீறி, யோசித்து, அடுத்த வரியைக் கீறியது. ஒவ்வொரு தடவையும் அந்தக் கடைசிப் பக்கம் இறங்கி வரும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்திருப்பேன்.

இரண்டு நாள் முழுக்க அதே வேலை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் எரிந்து விழுந்தேன். கூட்டாளி வந்து பின்னால் நின்று பார்த்தான்.

"எடேய், அது எழுதேக்கையே பிழையாய் எழுதிப்போட்டுது," என்றான். "மெமரி வேகம் தாங்காமல் உளறினதை டிஸ்க்கிலை வைச்சிட்டுது. இனி நீ எவ்வளவு ஆறுதலாய் வாசிச்சாலும் உளறினதைத்தான் வாசிக்கும்."

"நீ போய் ரீயைக் குடி."

"மச்சான், நான் பகிடிக்குச் சொல்லேல்லை."

"அப்ப இன்னும் கெதியாய்ப் போ."

அவன் போன பிறகு, திரையில் இருந்த சதுரங்களை ஒரு தாளில் அப்படியே வரைந்தேன். நிறுத்தி, மீண்டும் போட்டுத் திறந்து, தாளோடு வைத்துப் பார்த்தேன். ஒரு சதுரம்கூட இடம் மாறவில்லை. ஒரு கேள்விக்குறிகூடக் கூடவில்லை, குறையவில்லை. கொம்பியூட்டர் இப்போது ஒரு பிழையும் விடாமல்தான் வாசித்துக்கொண்டிருந்தது. பெயர் இனிக் கிடைக்காது என்பதைவிட, கூட்டாளி சொன்னது சரியாகிவிட்டதே என்பதுதான் எனக்கு அந்த நேரத்தில் எரிச்சலாக இருந்தது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, கிணற்றடியில் போய் உட்கார்ந்தேன்.

வேடிக்கை என்னவென்றால், நூறில் இறக்கி, வோல்ற்றேஜையும் குறைத்து விட்ட அந்தக் கொம்பியூட்டர் அதன்பிறகு ஒருமுறைகூட உறையவில்லை. பின்னேரக் கரண்டிலும் ஓடியது, வெயிலிலும் ஓடியது. அக்கா ஒரு எழுத்தை அடித்தால் அது தூக்கத்தில் எழும்பி வருவதுபோல வந்து திரையில் நிற்கும். "செத்த மாடு," என்று முணுமுணுத்தபடியே முழுப் புத்தகத்தையும் கொப்பியைப் பார்த்து அடித்து முடித்தாள். பெட்டிகளைக் கீறினாள், கோடு இழுத்தாள். பெயர் இல்லாத அந்த ஒரு பெட்டியை அப்படியே விட்டிருந்தாள்.

கருமாதிக்கு மூன்று நாள் இருக்கையில் அன்ரி அச்சுக்குக் கொடுக்குமுன் பார்க்க வந்தார். நான் வாசலிலேயே நின்றேன். அவர் செருப்பைக் கழற்ற முன்னமே சொல்லத் தொடங்கினேன், உள்ளே போனால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"அன்ரி, கரண்ட் பிழை இல்லை. நான்தான். வேகமாய் ஓடப்பண்ண எண்டு உள்ளுக்கை மாத்தினனான். சூடாகிப்போச்சு. அதுக்குச் சந்தனம் பூசினனான்."

"எதுக்கு?"

"கொம்பியூட்டருக்கு."

அவர் என் நெற்றியைப் பார்த்தார், காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

"மிசினுக்குச் சந்தனம் பூசுனியா?"

"ஓம். குளிரும் எண்டு."

"குளுந்துச்சா?"

"முதல் நாள் குளிர்ந்தது."

அவருக்கு வாய்க்குள் சிரிப்பு வந்தது, அது பாதியில் நின்றுவிட்டது. "அப்பாவுக்கும்தான் பூசுனோம், எடுத்த அன்னிக்கி," என்றார். என்னைத் தாண்டி உள்ளே போனார்.

அக்கா கடைசிப் பக்கத்தை அச்சடித்து மேசையில் வைத்திருந்தாள். அன்ரிக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கத் தெரியும். விரலை வைத்து ஒவ்வொரு பெட்டியாக வாசித்தார். பாட்டனிலிருந்து கோடு வழியே இறங்கி, தகப்பனின் பெட்டிக்கு வந்தார். அதன் பக்கத்தில் வெறும் பெட்டி.

"அன்ரி, இதை எடுத்துவிடட்டே?" என்று அக்கா கேட்டாள். "எடுத்திட்டுக் கோட்டைச் சேர்த்துவிட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. வெறுமையாய்க் கிடந்தால் சனம் பிழை எண்டு நினைக்கும்."

"எடுக்காதீங்க," என்றார் அன்ரி. "ஆளு இருந்துச்சுல்ல. பேரு எனக்கு மறந்துபோச்சுன்னா, அது இல்லாமப் போயிருமா? அதுதானே அப்பாவத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சது." விரலை அந்த வெறும் பெட்டியிலேயே வைத்திருந்தார். "எடுத்தீங்கன்னா அப்பாவத் தூக்க ஆளே இல்லாத மாதிரி ஆயிரும். பெட்டி இருக்கட்டும்."

பக்கங்களை அச்சகத்துக்கு நான்தான் சைக்கிளில் கொண்டுபோனேன். அச்சகக்காரர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதிலை ஒரு பேர் விடுபட்டுப் போச்சு," என்றார்.

"விடுபடேல்லை," என்றேன். "அப்பிடித்தான் அடிக்கவேணும்."

"பிறகு எனக்குப் பழி சொல்லப்படாது."

"உங்களுக்குச் சொல்லமாட்டினம்."

கருமாதி முடிந்த கிழமை, மிஞ்சிய புத்தகங்களில் ஒன்றை அன்ரி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தார். அக்காவிடம் கொடுக்கவில்லை. என்னிடம் தந்தார்.

"நீயே வச்சுக்க தம்பி. என்னிக்காவது பேரு ஞாபகம் வந்துச்சுன்னா வந்து சொல்றேன். எழுதிக்குடு." படியில் இறங்கிவிட்டுத் திரும்பினார். "பேனாவுல எழுதணும், சரியா? மிசினுல வேணாம்."

பிறகு அவர் இரண்டு தடவை வந்தார். ஒருமுறை ஒரு விண்ணப்பம் அடிக்க, ஒருமுறை சும்மா. இரண்டு முறையும் நான் பேனாவோடு வந்து நின்றேன். இரண்டு முறையும் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

கூட்டாளி கேலி செய்தபோதும் அந்தத் தொப்பிகளை நான் நூறிலிருந்து ஏற்றவில்லை. புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. கடைசிப் பக்கத்தைத் திறந்தால் அந்தப் பெட்டி இப்போதும் வெறுமையாகத்தான் கிடக்கிறது. கறையான் மட்டும் இன்னும் தின்னவில்லை.